மெழுகு வைத்த இடம்

மருந்தை ஊற்றிவிட்டேன். இனி இருபது நிமிஷம். இந்த வெயிலுக்கு அதுகூட இருக்காது, பதினெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ரோஸ் நிறக் குளியல் மக்கில் முக்கால் அளவு ரெசின், அதுவும் ரோஸ்தான், அதில் அதை இறுக வைக்கிற மருந்து மூன்று மூடி, வேப்பங்குச்சியால் கலக்கிக்கொண்டிருக்கிறேன். குச்சியைத் தூக்கினால் தேன்போல ஒழுகுகிறது. கொஞ்ச நேரத்தில் ஒழுகாது, கட்டிகட்டியாக நிற்கும், அப்புறம் சூடேறி மக்கைக் கையால் பிடிக்க முடியாது, அப்புறம் கல். பைபர் வேலையில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பாயை வெட்டி அடுக்கிக்கொள், பிரஷ்ஷை எடுத்து வைத்துக்கொள், ஒன்றுக்குப் போக வேண்டுமானால் போய்விட்டு வா, யோசிக்க வேண்டியதை யோசித்து முடி, அப்புறம் மருந்தை ஊற்று. கண்ணாடிநூல் பாயை ஏழு துண்டாக வெட்டி வரிசையாக அடுக்கியிருக்கிறேன். பிரஷ் இருக்கிறது. உருளை இருக்கிறது. யோசித்து முடிப்பதுதான் நடக்கவில்லை. மூன்று வாரமாக முடியவில்லை, மருந்தை ஊற்றிவிட்டால் கை தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கும், யோசனை தானாக நின்றுவிடும் என்று நம்பித்தான் ஊற்றினேன். கை தொடங்கவில்லை. கலக்கிக்கொண்டே இருக்கிறது. எதிரே கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கும் கௌசல்யா என்கிற படகின் பின்பலகை, எஞ்சின் தொங்க வேண்டிய பலகை, புது மரம், நானே அறுத்து நானே பொருத்தியது, வெள்ளையாக, ஈரமில்லாமல் என்னைப் பார்க்கிறது. அதன்மேல் ஏழு அடுக்கு ஒட்டி மூடினால் படகு முடிந்தது. பக்கத்து ஆணியில் டிபன் கேரியர் தொங்குகிறது. அதன் மேல்தட்டில் இட்லி இல்லை, ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்துக்குள் புதிதாக வாங்கிய மாதா சுரூபம் ஒன்று, கழுத்தில் போடுகிற காசளவுப் பதக்கம், விரல் நீளத்துக்கு ஒரு மெழுகுதிரித் துண்டு, கோயிலில் அர்ச்சித்தது. காலையில் என் மனைவி மெற்றில்டா தன் கையாலேயே வைத்துக் கொடுத்தாள். "மூடுத அன்னைக்கு நான் பக்கத்துல இருக்கணும். பதினோரு மணிக்கு ஆட்டோல வாரேன். நான் வந்த பெறவு வைங்க" என்றாள். மணி பத்து நாற்பது.

இந்தப் படகுக்கு இவ்வளவு செய்ய வேண்டுமா என்று கேட்காதவர்கள் இந்தக் கரையில் யாரும் இல்லை. தஸ்நேவிஸ் தினமும் கேட்கிறான். இந்தப் பட்டறை அவனுடையது, ஓரத்தில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறான், வாடகை வாங்குவதில்லை, அதற்குப் பதிலாகக் கிண்டல் பண்ணும் உரிமையை எடுத்துக்கொண்டான். "அண்ணாச்சி, இதுல கொட்டுன துட்டுக்கு புது போட்டு ஒண்ணு வாங்கி, அதுக்கு மாலையும் போட்டு, மிச்சத்துல எனக்குப் பிரியாணியும் வாங்கிக் குடுத்திருக்கலாம்." உண்மைதான். பதினான்கு மாதம். நான் துறைமுகப் பட்டறையிலிருந்து ஓய்வுபெற்று வாங்கிய தொகையில் பாதிக்குமேல் இதன் வயிற்றுக்குள் போயிருக்கிறது, தரைக்குக் கீழே ஓடும் நெடுங்கட்டைகள் இரண்டும் இற்றுப்போய் ஈரப் பஞ்சாக வந்தன, ஸ்டியரிங் கேபிள் கிடைக்கவில்லை, கிடைத்தது பொருந்தவில்லை. ஆனால் உடம்பு நல்ல உடம்பு. எழுபத்தொன்பதில் வெளிநாட்டு அச்சில் வார்த்தது, இருபத்தோரு அடி, அந்தக் காலத்தில் ரெசினைப் பார்த்துப் பார்த்து ஊற்றத் தெரியாது, கொட்டியிருக்கிறார்கள். நாணயத்தால் தட்டினால் டக் டக்கென்று கல் சத்தம். இப்போது வருவதெல்லாம் தோசை மாதிரி இருக்கிறது என்றேன் ஒருநாள். "அப்ப இது ஊத்தப்பமா அண்ணாச்சி? யாரு திங்கதுக்கு?" என்றான் அவன். யாருக்கு என்று நான் சொல்லவில்லை. உப்பளக் குடோனை இடிக்கப் போகிறார்கள், உள்ளே கிடக்கும் படகை எடைக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "அத வாங்கிட்டு வாங்க" என்று சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கடற்கரைப் பக்கமே போகாதவள். கோயிலுக்குக்கூடச் சுற்றிக்கொண்டு மேலத்தெரு வழியாகப் போகிறவள். "அதச் சரிபண்ணுங்க. அதுல என்ன அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு தடவ. அவனுக்குப் பூப் போடணும்." வேறு படகில் போகலாமே என்றேன். "அவன் எதுல போனானோ அதுல." அவளுக்கு இரண்டு முழங்கால் முட்டும் தேய்ந்துவிட்டன, அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் ஒரு வருஷத்தில் கட்டிலோடு சரி என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "முட்டு எங்க ஓடப்போவுது, மொதல்ல போட்டு" என்றாள். மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். அந்தச் சத்தத்தைக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு படி, கொஞ்சம் மூச்சு, ஒரு படி. இந்தப் படகின் விலை அந்தச் சத்தம்தான். தஸ்நேவிஸிடம் இதை எப்படிச் சொல்வது.

ரெசின் நிறம் மாறுகிறது. ரோஸ் போய்ப் பழுப்பு வருகிறது. வாடை மூக்கில் ஏறி நெற்றியில் குத்துகிறது, முப்பது வருஷத்துக்கு முன்னும் இதே வாடை, இதே மக்குகூட இருந்திருக்கலாம், எல்லா மக்கும் ரோஸ்தான். அன்று இந்தப் படகின் சொந்தக்காரரான உப்பள முதலாளி பெரிய எஞ்சின் வாங்கியிருந்தார், பழைய பின்பலகை தாங்காது, புதுசு போட வேண்டும். நான்தான் படகோட்டி, பைபர் வேலையும் கற்றவன், வெளியாளுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று நானே இறங்கினேன். உதவிக்கு மச்சான் கிளாடியஸ். மெற்றில்டாவின் ஒரே தம்பி, இருபது வயது, அந்த மாதம்தான் என்னோடு படகில் சேர்ந்தான். அவள்தான் அனுப்பினாள். வெளியூர்க் கப்பலுக்குப் போகிறேன் என்றவனை, அத்தானோடு இரு, கண்ணுக்கு முன்னால் இரு என்று பிடித்து வைத்தாள். அவள் வீட்டில் ஒரு வழக்கம். அவள் அப்பா மரப்படகு வைத்திருந்தவர், பின்பலகையை மூடும் நாளில் அதில் விரலளவு குழி தோண்டி மாதா சுரூபத்தைத் தண்ணீரைப் பார்த்தபடி வைத்து, அர்ச்சித்த மெழுகை உருக்கி ஊற்றி மூடுவார், தண்ணீர் இறங்காமல் அதன்மேல் கீல் பூசுவார். மரத்துக்கு அது சரி. மெழுகும் கீலும் மரமும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. பைபரில் மெழுகு என்றால் என்ன என்று இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் தெரியும். வார்க்கும் அச்சில் மெழுகு தேய்ப்போம், எதற்கு, ரெசின் ஒட்டக் கூடாது என்பதற்கு. மெழுகு பட்ட இடத்தில் ஏழு அடுக்கு போட்டாலும் எழுபது போட்டாலும் ஒன்றுதான், அது ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கும், ஒட்டியிருக்காது. எனக்குத் தெரியும். அன்றும் தெரியும். அவள் சின்ன வயதில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குப் போட்ட சுரூபத்தைக் கழுத்திலிருந்து கழற்றித் தம்பி கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள், வளையம் உடைந்து சிவப்பு நூல் கட்டியது. நான் குழி போட்டேன். கிளாடி சுரூபத்தை வைத்தான். மெழுகுதிரியைச் சாய்த்து அவன்தான் ஊற்றினான், கை நடுங்கி அதிகமாக ஊற்றிவிட்டான், குழி நிறைந்து வழிந்து மரத்தில் ஒரு சாண் கீழே இறங்கியது. நான் உளியை எடுத்தேன், சுரண்டலாமென்று. "அதத் தொடாதீய அத்தான். அர்ச்சிச்சதச் சுரண்டித் தரையில போட்டீயன்னு அக்காவுக்குத் தெரிஞ்சா ஒங்களயும் கொல்லுவா, என்னயும் கொல்லுவா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். உளியை வைத்துவிட்டேன். சுரண்டினால் அரை நிமிஷ வேலை. ஒரு காகிதத்தில் பிடித்துக் கோயில் விளக்கில் போட்டிருக்கலாம். இந்த அரை நிமிஷத்தை மூன்று வாரமாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், உளி என் கையில் இருக்கிறது, அவன் பல் தெரிகிறது, நான் உளியை வைக்கிறேன். ஒரு தடவைகூட வைக்காமல் இருந்ததில்லை.

"அண்ணாச்சி, கலக்கியாச்சா? கலக்கிட்டு என்ன ஜெபம் சொல்லுதீயளா?" தஸ்நேவிஸ் அடுத்த கொட்டகையிலிருந்து கத்துகிறான். "ஆச்சு, ஆச்சு" என்றேன். குரல் என்னுடையதுபோல இல்லை. இரண்டு வருஷம் தாங்கியது. இரண்டு வருஷமும் எஞ்சின் அதிர அதிர, அந்த ஒரு சாண் இடத்தில் பைபர் தோல் மரத்தை விட்டு எழும்பி, முடியளவு விரிசல் விழுந்து, தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. நான் வாரா வாரம் கழுவினேன். ஒருநாள்கூட நாணயத்தால் தட்டிப் பார்க்கவில்லை, என் கை வேலையை நானே எதற்குத் தட்டிப் பார்க்க வேண்டும். முதலாளியின் விருந்தாளிகளைத் தீவில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம், படகில் நாங்கள் இரண்டே பேர், சாயங்காலம் நாலு மணி, காற்று இல்லை. கிளாடி பின்னால் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். முழு வேகத்தில் வைத்திருந்தேன். நான் திரும்பிப் பார்த்தது சத்தத்துக்கு இல்லை, சத்தம் நின்றதற்கு. பின்பலகையின் மேல் பாதி இல்லை. எஞ்சின் இல்லை. கிளாடி இல்லை. தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது, மெதுவாக, வீட்டுக்குள் வருகிற ஆள்போல. எஞ்சினைக் கட்டியிருந்த சங்கிலி அவன் காலைச் சுற்றியிருந்தது என்று மூன்றாம் நாள் உடலைப் பார்த்தபோது தெரிந்தது. விசாரித்தவர்களிடம், மிதந்து வந்த கட்டையில் எஞ்சின் மோதியிருக்க வேண்டும் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை, அப்போது அப்படித்தான் நினைத்தேன், அல்லது அப்படி நினைக்க வேண்டும் என்று நினைத்தேன், இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்று இருபத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். அந்தத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் மூழ்கி மூழ்கித் தேடினேன், என் காது அன்றிலிருந்து சரியில்லை. பாதி முழுகி மிதந்த படகைக் கரைக்கு இழுத்துவந்து உப்பளக் குடோனில் போட்டார்கள். அடக்கத்தில் அவள் பக்கத்தில் நின்றேன். "சுரூபம் இருந்துச்சே, எப்படிக் கைவிட்டா" என்று அவள் அன்று ஒரு தடவை கேட்டாள். மாதாவைக் கேட்டாள், என்னை இல்லை. அப்புறம் கேட்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் மிச்சமிருந்த கீழ்ப்பாதிப் பலகையை அறுத்து எடுத்தேன். சுரூபம் அங்கேயே இருந்தது. பச்சை பூத்து, மாதாவின் முகம் தேய்ந்து, ஆனால் கண்ணில் பட்டது அது இல்லை, அதைச் சுற்றியிருந்த கறுப்பு. குழியிலிருந்து தொடங்கி, மெழுகு வழிந்த தடத்தில் இறங்கி, அங்கிருந்து இரண்டு பக்கமும் பரவி, மேலே பிய்ந்த விளிம்புவரை ஒரே கறுப்பு, விரல் வைத்தால் புகையிலைபோல உதிர்ந்தது. குடோனில் இருபத்தெட்டு வருஷம் கிடந்ததால் இற்றிருக்கலாமே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்த்தேன். வலது மூலை மரம் வெள்ளையாக இருக்கிறது, அதுவும் இதே குடோனில்தான் கிடந்தது, வக்கீல் அத்தோடு உட்கார்ந்துவிட்டார். மிதந்து வந்த கட்டை எதுவும் இல்லை. ஒரு சாண் மெழுகு. அதை யாரும் பார்ப்பதற்குள் அறுத்த மரத்தை எரித்தேன். சுரூபத்தை மட்டும் எரிக்க முடியாது. எறியவும் முடியாது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைகிறேன், மார்பில் அது இருக்கிற இடம் தெரிகிறது, சுடவில்லை, குளிரவில்லை, இருக்கிறது. இப்போது எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். நான்தான் தப்பு. தெரிந்தவன் நான். ஆனால் அவளிடம் சொல்லிப் பார்க்கிறேன், மனசுக்குள், நூறு விதமாக. மெழுகு வச்சதால ரெசின் ஒட்டல என்றால், மெழுகு யார் கொடுத்தது என்பாள். குழி வழியாத் தண்ணி போச்சு என்றால், குழி எதுக்கு என்பாள். எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் மூன்றாவது வாக்கியத்தில் அவள் வந்துவிடுகிறாள். கப்பலுக்குப் போகிறவனைப் பிடித்து வைத்ததே அவளை உள்ளே இருந்து தின்றுகொண்டிருக்கிறது. அதன்மேல் இதையும் கொண்டுபோய் வைத்தால், உன் கழுத்தில் கிடந்ததுதான் உன் தம்பியைக் கொன்றது என்று சொன்னால், அவள் என்னைத் திட்டுவாள் என்றால் சொல்லிவிடலாம், வெட்டுவாள் என்றால்கூடச் சொல்லிவிடலாம். திட்ட மாட்டாள். படியில் இறங்கும்போது ஒருநாள் பின்பக்கமாகத் திரும்பாமல் நேராக இறங்குவாள், விழுவதற்காகவே. எனக்கு அவளைத் தெரியும். சொல்லாமல் இருக்கலாம். சொல்லாமல் இருந்தால் பதினோரு மணிக்கு வந்து, புதுச் சுரூபத்தை வைங்க, மெழுகை ஊத்துங்க என்பாள். வைக்காதே என்று எப்படிச் சொல்வது, ஏன் என்பாள், முதல் வாக்கியம், இரண்டாவது வாக்கியம். அவள் வருவதற்குள் மூடிவிடலாம். அதற்குத்தான் மருந்தை ஊற்றினேன், இப்போது புரிகிறது. மூடிவிட்டு, வச்சாச்சு என்று சொல்லிப் புதியதையும் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு பையில் இரண்டு. சுலபம். எழுந்து பிரஷ்ஷை நனைத்து முதல் துண்டை வைத்தால் போதும். எழு. எழு, கஸ்பார்.

குச்சியைத் தூக்கினேன். ஒழுகவில்லை. மக்குக்குள் கலங்கலாகக் கட்டி நிற்கிறது. மக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டேன், சுடுகிறது. இவ்வளவு நேரமா போயிற்று, இல்லை, வெயில், மருந்து அரை மூடி கூடியிருக்கும். பிரஷ்ஷைக் குத்தினேன், அது நட்டது நட்டபடி நின்றது. முக்கால் மக்கு ரெசின். பரவாயில்லை, இன்னொரு மக்குக் கலக்கலாம், இன்னும் நேரம் இருக்கிறது, பத்து நாற்பதுதானே, இல்லை, கடிகாரம் பத்து ஐம்பத்தாறு. சுரூபத்தைப் பையில் போட இடது கையைத் திறந்தேன். வரவில்லை. கலக்கும்போது உள்ளங்கையில் வழிந்திருந்த ரெசினோடு அதை இறுக்கிப் பிடித்திருக்கிறேன், அது அங்கேயே பிடித்துக்கொண்டது, தோலோடு. இழுத்தேன், தோல் வந்தது. அசிட்டோன் ஊற்றித் தேய்த்தால் வந்துவிடும், பாட்டிலைத் தூக்கினேன், காலி, நேற்றே காலி, வாங்க வேண்டும் என்று நேற்றே நினைத்தேன். தஸ்நேவிஸைக் கூப்பிட வாயைத் திறந்தபோது பட்டறை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு கால் வெளியே வந்தது. கொஞ்சம் மூச்சு. அடுத்த கால். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல.

அவள் என்னைப் பார்க்கவில்லை. படகைப் பார்த்தாள். மணலில் கால் புதைய, படகின் ஓரத்தையே பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள், தொடுவதற்காகப் பிடிக்கிறாளா விழாமல் இருக்கப் பிடிக்கிறாளா என்று தெரியவில்லை. "வாங்க மைனி" என்று தஸ்நேவிஸ் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, எதையோ பார்த்தவன்போலத் தன் கொட்டகைக்குப் போனான். அவள் உட்காரவில்லை.

"மூடிட்டீயளா?"

"இல்ல. ரெசின் கெட்டுப்போச்சு. வேற கலக்கணும்."

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒட்டிக்கிச்சு."

"காட்டுங்க."

காட்டவில்லை. அவளே கையைப் பிடித்து முன்னால் இழுத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பார்த்தாள். சுரூபம் பச்சையாக இருந்தது, முகம் இல்லை, ஆனால் உடைந்த வளையத்தில் நூலின் ஒரு திரி இன்னும் இருந்தது, சிவப்பென்று சொல்ல முடியாது, அவளுக்குத் தெரியும். அவள் முகம் எங்கே போகிறது என்று பார்த்தேன். இது எங்கே இருந்தது என்று கேட்கப் போகிறாள், முதல் வாக்கியம். பின்பலகையில் இருந்தது என்றால் இரண்டாவது. மூன்று வாரமாக நான் ஒத்திகை பார்த்த நூறில் இல்லாத ஒன்று வாயில் வந்தது, எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

"அன்னைக்கு நான் இத உள்ள வைக்கல."

"எது?"

"நீ குடுத்து விட்டத. வைக்கல. டூல்ஸ் பெட்டியிலயே கெடந்துச்சு."

"வச்சாச்சுன்னு கிளாடி சொன்னானே."

"அவன் டீ வாங்கப் போயிருந்தான். அவன் வாரதுக்குள்ள மூடிட்டேன். வச்சிட்டேன்னு அவன்ட்டயும் சொல்லிட்டேன். மொதலாளி அவசரப்படுத்துனாரு."

சாட்சி சொல்ல இருந்த ஒரே ஆள் இல்லை. அவன் சிரித்தது, உளி, வழிந்த மெழுகு, எல்லாம் இனி நடக்காதவை. கடலில் ஏதோ விசைப்படகு போகும் சத்தம் என் நல்ல காதில் மட்டும் கேட்டது.

"முப்பது வருசமா பெட்டியில?"

"ஆமா."

"அடக்கத்துல எம் பக்கத்துலதான நின்னீய?"

"நின்னேன்."

"மாதாவப் போய்க் கேட்டேனே. எப்படிக் கைவிட்டன்னு. நீங்க கேட்டுக்கிட்டுதான நின்னீய?"

"ஆமா."

அவள் என் கையை விட்டாள். கீழே போட்டாள் என்றே சொல்ல வேண்டும். என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷம் என்னோடு சோறு தின்ற ஆள் யார் என்கிற கேள்வி இருந்தது, அது இனி போகாது, எனக்குத் தெரிந்தது. அதே சமயம் வேறொன்றும் நடந்தது. அவள் முதுகு நிமிர்ந்தது. முட்டு வலிக்காரி, வருஷக்கணக்காகக் கூனி நடப்பவள், எதையோ இறக்கி வைத்தவள்போல நேராக நின்றாள். மாதா கைவிடவில்லை. மாதா அங்கே இல்லவே இல்லை. வைக்காதவன் இதோ நிற்கிறான். இது சரியாக இருக்கிறது, நான் நினைத்தேன், இது தாங்கும், இதில் அவள் பெயர் எங்குமே இல்லை. நல்ல வேலை என்று தோன்றியதும் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"தள்ளுங்க" என்றாள். ஆணியிலிருந்து டிபன் கேரியரை எடுத்தாள், பொட்டலத்தைப் பிரித்தாள். "ஓட்டையப் போடுங்க. நானே வைக்கேன். ஒங்கள நம்பி இனி ஒண்ணும் தர மாட்டேன்."

"மெற்றில்…"

"எங்கப்பா போடுத எடத்துல. தண்ணியப் பாத்து."

நான் டிரில்லை எடுத்தேன். என்ன செய்ய. வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அதைச் சற்று முன்தான் கொன்றேன். குழி போட்டேன். புது மரம், தூள் வெள்ளையாகச் சுருண்டு சுருண்டு என் கால்மேல் விழுந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, புதுச் சுரூபத்தை உதட்டில் வைத்து முத்தி செய்து, குழிக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். மெழுகுதிரியைப் பற்றவைத்துச் சாய்த்தாள். அவள் கை நடுங்கவில்லை. ஆனாலும் குழி நிறைந்து, விளிம்பில் ஒரு நொடி நின்று, வழிந்தது. மரத்தில் இறங்கியது. விரலளவு. அரைச் சாண். என் கை உளிக்குப் போனது.

"அதத் தொடாதீய" என்றாள். தம்பியின் குரல். அதே இழுப்பு. சிரிப்பு மட்டும் இல்லை.

தொடவில்லை. அன்று இரண்டு வருஷம் தாங்கியது. தீவுக்குக் கிழக்கே அந்த இடத்துக்குப் போக அரை மணி, திரும்ப அரை மணி, பாதி வேகத்தில் போனால் இரண்டு மணி நேரம். பதினான்கு மாதம், அவளுடைய இரண்டு முட்டு, என்னுடைய பேர், எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்கு. அப்புறம் கரையில் ஏற்றியதும் நானே ரம்பத்தை எடுத்து இதைத் துண்டு துண்டாக அறுத்துவிடுவேன், யாருக்கும் கொடுக்க மாட்டேன், எடைக்குக்கூட. புது மக்கில் ரெசினை ஊற்றினேன். மருந்து மூன்று மூடி, இல்லை, இரண்டரை, வெயில். கலக்கினேன். இந்தத் தடவை யோசிக்க ஒன்றும் இல்லை.

"தாங்குமா?" அவள் என்னைப் பார்க்காமல், மெழுகைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு நடைக்குத் தாங்கும்."

"எனக்கு ஒரு நடை போதும்."

முதல் துண்டை நனைத்து எடுத்து மெழுகின்மேல் வைத்து, வலது கையால் அழுத்தினேன். இடது கையில் இன்னும் அது ஒட்டிக்கொண்டிருந்தது.